மூளை அலைக்கு ஓர் அளவுகோல்

சரித்திரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் போர்க்களங்களும் முடிசூட்டு விழாக்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அரசர்கள் கூடிய அவைகளைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். அறிஞர்கள் கூடிய அவைகளைப் பற்றி அவ்வளவாகப் படிப்பதில்லை. அத்தகைய ஓர் அவையைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். 1947-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இலண்டன் மாநகரில் பல நாட்டு அறிஞர்கள் கூடிச் சில நாட்கள் ஆராய்ந்தார்கள். மனித மூளையில் எழும் மின் அலைகளை எவ்வாறு பதிவு செய்வது, பதிவானதை எவ்வாறு படிப்பது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். இன்று மருத்துவமனைகளில் ‘ஈ.ஈ.ஜி.’ என்று வழங்கும் சோதனையைப் பற்றிய முதல் அனைத்துலக மாநாடு அதுவே.

மூளையில் மின்சாரம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, ஆனால் மிகமிகச் சிறிது. கைவிளக்கில் போடும் ஒரு பாட்டரியின் மின் அழுத்தம் ஒன்றரை வோல்ட். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறாக்கினால், அவற்றுள் ஏறத்தாழ ஐம்பது கூறே தலையின் மேல்தோலில் நமக்குக் கிடைக்கிறது. அதாவது, அந்தப் பாட்டரியின் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு! இவ்வளவு நுண்ணிய ஒன்றை மனிதன் கண்டுபிடித்ததே வியப்பு அன்றோ?

1875-ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் நகர மருத்துவரான ரிச்சர்ட் கேட்டன், முயல்களின் மூளையிலும் குரங்குகளின் மூளையிலும் மின்னோட்டம் இருப்பதை அறிவித்தார். மனித மூளையின் அலையை முதலில் பதிவு செய்தவர், ஜெர்மனியில் யேனா நகரத்து மனநோய் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். மண்டையோட்டில் ஒரு பகுதி எலும்பு நீக்கப்பட்டிருந்த ஓர் இளைஞனிடம் 1924-இல் அவர் அதைக் கண்டார். கண்டதை உடனே வெளியிட்டாரா? இல்லை. இது தசையின் துடிப்போ, இரத்த ஓட்டத்தின் அசைவோ, கருவியின் குறையோ என்று ஐயுற்று ஐயுற்று ஐந்து ஆண்டுகள் சோதித்தார். தம் மகனையே சோதனைக்கு உட்படுத்தினார். 1929-இல்தான் முதற் கட்டுரை வெளிவந்தது. கண்ணை மூடி அமைதியாக இருப்பவரிடம் நொடிக்குப் பத்து முறை அளவில் ஓர் அலை எழுகிறது. கண்ணைத் திறந்தவுடன் அது தணிகிறது. இதற்கு அவர் ‘ஆல்ஃபா’ என்று பெயர் இட்டார்.

உலகம் அதை எளிதில் நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜ் நகரில், நோபல் பரிசு பெற்ற ஆட்ரியனும் அவருடைய துணைவர் மாத்தியூஸும் அந்த அலையைத் தாங்களே பதிவு செய்து உறுதிப்படுத்தினார்கள். ஆட்ரியன் தம் தலையையே சோதனைப் பொருளாக்கினார். ஐயம் நீங்கியது, ஆனால் ஒரு கருத்து வேறுபாடு பிறந்தது. அந்த அலை மூளை முழுவதிலிருந்தும் எழுகிறது என்று பெர்கர் கருதினார். பின்தலைப் பகுதியிலிருந்து எழுகிறது என்றனர் கேம்பிரிட்ஜ் அறிஞர். இருவரும் உண்மையாகவே அளந்தவர்கள். பின் ஏன் இந்த வேறுபாடு? பெர்கர் பெரும்பாலும் ஒரு மின்முனையை நெற்றியிலும் மற்றொன்றைப் பின்தலையிலும் வைத்து அளந்தார்; மற்றவர்களோ பல இடங்களில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். எங்கே வைத்து அளந்தோம் என்பதே என்ன கண்டோம் என்பதைத் தீர்மானித்தது. மாணவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

விரைவிலேயே இது நோயாளியின் உயிரைத் தொடும் கேள்வி ஆயிற்று. 1935-இல் பாஸ்டன் நகரில் கிப்ஸ், டேவிஸ், லென்னாக்ஸ் என்னும் மூவர், ஒருவகை வலிப்பு நோயில் நொடிக்கு மூன்று முறை எழும் தனி அலை உருவத்தைக் கண்டு அறிவித்தனர். பேய் பிடித்தது என்றும் குலத்தின் சாபம் என்றும் தூற்றப்பட்ட நோய், மூளையில் எழும் ஒரு மின் புயல் என்பது காகிதத்தில் வரைந்து காட்டப்பட்டது. மறு ஆண்டில் இங்கிலாந்தில் கிரே வால்ட்டர், மெதுவான அலைகள் எழும் இடத்தைக் கொண்டு மூளைக் கட்டி இருக்கும் இடத்தைச் சுட்டலாம் எனக் காட்டினார். இடத்தைப் பிழையாகச் சுட்டினால், அறுவை மருத்துவரின் கத்தி பிழையான இடத்தைத் திறக்கும்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் நான் மறைக்கலாகாது. 1933-இல் நாஜி ஆட்சி இயற்றிய சட்டம், பரம்பரை வலிப்பு நோய் உள்ளவர்களும் பிள்ளை பெறாதபடி வலுவில் அறுவை செய்ய இடம் தந்தது. அத்தகைய வழக்குகளை விசாரித்த யேனா நகர மேல் மன்றத்தில் பெர்கரும் ஓர் உறுப்பினராக அமர்ந்திருந்தார். அவர் 1941-இல் மறைந்தார். வலிப்பு நோயாளிக்குத் துணையான கருவியைத் தந்த கையே அவர்களுக்குத் தீங்கான தீர்ப்பிலும் கலந்திருந்தது. அறிவு பெரிது, ஆயினும் அறிவு மட்டுமே ஒருவரை அறத்தில் நிறுத்திவிடுவதில்லை.

போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில் கூடியது இலண்டன் மாநாடு. நம் நாட்டில் முன்னாளில் ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் வேறுபட்டிருந்ததை நீங்கள் அறிவீர்கள். ஓர் ஊர்க் கணக்கு மற்றோர் ஊரில் செல்லாது. மூளை அலையின் நிலையும் அப்போது அதுவாகவே இருந்தது. ஒவ்வோர் ஆராய்ச்சிச் சாலையும் தனக்குத் தோன்றிய இடத்தில் மின்முனையை வைத்தது. ஆகவே பொது முறை ஒன்று வேண்டும் என்று அவை உணர்ந்தது. அதை வகுக்கும் பொறுப்பு கனடாவின் மான்ட்ரியல் நகரத்து ஹெர்பர்ட் ஜாஸ்பரிடம் வந்தது. 1949-இல் பாரிஸில் இரண்டாம் மாநாடு கூடியது. இத்துறைக்கென ஓர் அனைத்துலகப் பத்திரிகையும் அவ்வாண்டிலேயே தோன்றியது. ஜாஸ்பர் வகுத்த முறை 1958-இல் அச்சில் வந்தது. ‘பத்து இருபது முறை’ என்பது அதன் பெயர்.

அம்முறையின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. மூக்கின் மேற்பள்ளத்திலிருந்து பின்தலையில் துருத்தி நிற்கும் எலும்பு வரை உச்சி வழியாக அளக்கிறார்கள். அந்த நீளம் 36 சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். முதலில் நூற்றுக்குப் பத்து, அதாவது 3.6 சென்டிமீட்டர் தள்ளி ஒரு குறி. பிறகு நூற்றுக்கு இருபது வீதம், 7.2 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மேலும் நான்கு குறிகள். இறுதியில் மீண்டும் நூற்றுக்குப் பத்து எஞ்சும். குழந்தையின் தலை 30 சென்டிமீட்டர் என்றால், அதே இடங்கள் மூன்றும் ஆறுமாக அமைந்துவிடுகின்றன. காதிலிருந்து காது வரையிலும் இவ்வாறே. இடப்பக்கத்துக்கு ஒற்றைப்படை எண், வலப்பக்கத்துக்கு இரட்டைப்படை எண். தலை பெரிதானாலும் சிறிதானாலும் இடம் மாறாது. நாடு மாறினாலும் பெயர் மாறாது.

பதிவு செய்தால் மட்டும் போதுமா? படிக்கவும் வேண்டும் அல்லவா? கலந்து வரும் அலைகளைத் தனித்தனி வேகங்களாகப் பிரித்துக் காட்டும் கருவியை 1943-இல் கிரே வால்ட்டர் அமைத்தார். இலண்டனில் ஜார்ஜ் டாசன் மற்றொரு வழி கண்டார். மணிக்கட்டு நரம்பைத் தூண்டினால் மூளை தரும் விடை, மற்ற அலைகளின் இரைச்சலில் மறைந்துவிடும். அவர் பல முறை தூண்டி, விடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்தார். இரைச்சல் தனக்குள்ளேயே அடங்கியது. விடை எஞ்சி நின்றது. நூறு முறை சேர்த்தால் விடை இரைச்சலினின்று பத்து மடங்கு தெளிவாகும் என்பது கணக்கு. சந்தையின் ஆரவாரத்தில் ஒருவர் ஒரே சொல்லை விடாமல் கூறினால் அது நம் காதில் விழுவதைப் போன்றது இது.

இந்தச் சரித்திரம் நமக்கு அந்நியமானது அன்று. ஜாஸ்பர் பணியாற்றிய அதே மான்ட்ரியல் நரம்பியல் நிலையத்தில் பென்ஃபீல்டிடம் பயின்ற மருத்துவர் ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார்.

இன்று நூற்றுக்கு மேற்பட்ட மின்முனைகளை ஒரே தலையில் பொருத்தும் வசதி வந்துவிட்டது. ஆயினும் அவற்றின் இடங்களையும் பத்து இருபது முறையை விரித்தே குறிக்கிறார்கள். கண்டுபிடிப்பு ஒருவர் அறையில், ஒருவர் ஐயத்தில் பிறக்கலாம். அது உலகப் பொது அறிவு ஆவதற்கோ, பலர் ஓரிடத்தில் அமர்ந்து, தம் பழக்கத்தை விட்டுக்கொடுத்து, ஒரே அளவுக்கு உடன்பட வேண்டும். வலிப்பு நோயுற்ற ஒரு குழந்தையின் அலைப் பதிவை வேலூரில் எடுத்து மான்ட்ரியலில் படிக்கலாம். இரண்டு ஊரிலும் அதற்குப் பொருள் ஒன்றே. அந்த உடன்பாட்டின் முதல் அடி, அந்த ஜூலை மாதத்தில் இலண்டனில் எடுத்து வைக்கப்பட்டது.