உப்பும் சர்க்கரையும் காப்பாற்றிய கதை

"வயித்தால போகுதுன்னா தண்ணி கொடுக்காதே, இன்னும் அதிகமாப் போகும்." நம் வீடுகளில் இன்னும் காதில் விழும் பேச்சு இது. இது எவ்வளவு தப்புன்னு புரிய 1971-க்குப் போகணும்.

வங்கதேசப் போர் நேரம். எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்த அகதிகளிடையே காலரா பரவியது. பன்காவ் மருத்துவமனையில் இரண்டே அறைகள். நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பொறுப்பில் இருந்தவர் திலீப் மகாலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர்.

அவர் எடுத்த முடிவு சாதாரணமாகத் தெரியும், ஆனால் துணிச்சலானது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கலக்கி டிரம்களில் வைத்தார். கூட வந்த உறவினர்களே டம்ளரில் மொண்டு மொண்டு கொடுத்தார்கள். முன்பு நூற்றுக்கு முப்பது பேர்வரை செத்த இடத்தில், அவர் கவனிப்பில் இருந்தவர்களில் இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது.

இது குருட்டு யோசனை இல்லீங்க. காலராவிலும் குடலின் உறிஞ்சும் வழி முழுசா அடைபடுவதில்லை. குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பில் இருக்கும் சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகும்; பின்னாலேயே தண்ணீரும் போகும். 1968-லேயே டாக்காவில் டேவிட் நளினும் ரிச்சர்ட் கேஷும் இதை நோயாளிகளிடம் சோதித்திருந்தார்கள். ஆனால் பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாமல், அவ்வளவு நெரிசலிலும் இது நடக்கும்னு காட்டியது பன்காவ்தான். பிறகு வங்கதேசத்தில் பிராக் அமைப்பின் பெண்கள் வீடு வீடாகப் போய் உப்பு, வெல்லக் கரைசலைத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அளவுதான். கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைப்பதே நல்லது. அது கிடைக்கலைன்னா, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் திரும்பக் கொடுங்க. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கண் குழி விழுந்தாலோ, குழந்தை துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டில் காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

மகாலனாபிஸ் 2022-ல் காலமானார். அடுத்த ஆண்டுதான் பத்ம விபூஷண் கிடைத்தது. அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை ஒன்று உண்டு: அடுத்த தடவை யாராவது "தண்ணி கொடுக்காதே"ன்னு சொன்னால், டம்ளரைக் கீழே வைக்காமல் இருப்பது.