சித்தாள் கைக்குக் கரணை

தர்மபுரிக்குத் தெற்கே, சேலம் செல்லும் பெருவழியில் உள்ள நம் அதியமான்கோட்டையின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், ஒளவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் நினைவு எவருக்கும் எழும். கனி கொடுத்தது மட்டுமன்று. தொண்டைமானிடம் தூது செல்லவும் அம்மன்னன் அப்பெண்மணியையே தேர்ந்தெடுத்தான் என்று பழந்தமிழ் நூல் வழியே அறிகிறோம். போர் மூளுமா மூளாதா என்பதை ஒரு ஸ்திரீயின் நாவன்மையில் ஒப்படைத்த அரசனுடைய ஊரில் வாழ்கிற நாம், ஒரு சுவரை நம் பெண்டிர் கையில் ஒப்படைக்க இன்றளவும் அஞ்சுகிறோம். இவ்விஷயத்தையே இம்மாதம் நம் சங்கத்தாரின் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறோம்.

கல்லையும் மண்ணையும் கையாண்டு பிழைத்தவர் நம் மரபினர். அத்தொழிலில் ஆண்பிள்ளை எவ்வாறு தேர்கிறான் என்பது யாவரும் அறிந்ததே. சிறு வயதில் தகப்பனோடோ தாய்மாமனோடோ வேலைக்குச் செல்கிறான். சில காலம் செங்கல் எடுத்துக் கொடுக்கிறான். உணவு வேளையில் மேஸ்திரி இறங்கிப் போனபின் கரணையை எடுத்து நான்கு கல் வைத்துப் பார்க்கிறான். கோணலாயிருந்தால் ஏச்சு, நேராயிருந்தால் மறுநாள் இன்னும் பத்துக் கல். சில வருஷங்களில் அவன் கொத்தன். அதே நாளில் அதே வேலையிடத்திற்கு வந்த பெண்ணோ சும்மாடு கட்டிச் சாந்துச் சட்டி தூக்குகிறாள்; இருபது வருஷம் சென்றபின்னும் அதே சட்டியைத்தான் தூக்குகிறாள். அவளுக்குப் பெயர் சித்தாள். முதுமையிலும் அவள் சிற்றாளாகவே இருப்பதன் விபரீதத்தை அச்சொல்லே காட்டுகிறது.

அவளுக்குத் தொழில் தெரியாது என்பது சரியன்று. நம் ஊரில் ஒரு வீடு எழும்பியபோது, பல்லாண்டு சித்தாளாயிருந்த ஒரு மூதாட்டி கீழே நின்றபடியே, “தெற்குச் சுவர் வெளியே சாய்கிறதப்பா” என்றாள். கொத்தனார் நகைத்தார். பின்னர் ஐயங்கொண்டு தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க, ஒரு விரற்கடை பிசகியிருந்தது. சுவர் பிரித்துக் கட்டப்பட்டது. அம்மூதாட்டிக்கு அன்று கிடைத்த கூலியோ சித்தாள் கூலியே.

நிற்க. முற்காலத்தில் நிலைமை முழுவதும் இவ்வாறிருந்ததில்லை. சிமெண்டு பரவுமுன் நம் நாட்டு வீடுகளின் கூரையாய் விளங்கிய மெட்ராஸ் தளத்தை முதியவர்கள் நினைவு கூர்வர். தேக்கு உத்திரங்களின் குறுக்கே கட்டைகள் பரப்பி, மெல்லிய செங்கற்களைச் சாய்கோட்டில் செங்குத்தாய் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்து, அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டுவர். அக்கலவையை இறுக்கும் பணி பெண்களுடையது. வரிசையாய் அமர்ந்து, கையில் மரக்கட்டை பிடித்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் தெளித்துத் தெளித்து நாட்கணக்கில் தட்டுவர். கட்டை பதியாமல் துள்ளி மீளும்போதுதான் தளம் இறுகிற்று என்று பொருள். அதைக் கணிப்பது எந்தக் கருவியும் அன்று; தட்டுகிறவளின் கையும் காதும். அடி போதாவிடில் மழைக்காலத்தில் வீடு ஒழுகும். அதை வெறும் கூலி வேலை என்று எவ்வாறு சொல்வது? சுண்ணாம்பை நீற்றுவதிலும், மணலோடு சேர்த்து இடிப்பதிலும், சுவரை வழவழப்பாய்த் தேய்ப்பதிலும் இத்தகைய கைப்பக்குவமே வேண்டியிருந்தது.

சிமெண்டும் இரும்புக் கம்பியும் வந்தன. தளம் தட்டும் வேலை மறைந்தது. புதிய வேலைகளான கம்பி கட்டுதலும், பலகை அடைத்தலும், சிமெண்டுப் பூச்சும் ஆடவர் கற்றுக்கொண்டவையாயின. பெண்களுக்கு எஞ்சியது தலைச்சுமை ஒன்றே. பழைய திறமை போயிற்று, புதியதைக் கற்பிப்பாரும் இல்லை. இப்பொழுது கலவை இயந்திரமும் பாரந்தூக்கியும் வந்துவிட்டபடியால், அத்தலைச்சுமைக்கும் ஆள் குறைத்து வருகிறார்கள். நம் ஜில்லாவிலிருந்து பெங்களூருக்குக் குடும்பத்தோடு கட்டிட வேலைக்குச் செல்வோர் இதை நேரிற் கண்டிருப்பர்.

கட்டிடக் கலையின் மேற்படியில் பெண்கள் ஏறிய வரலாறு சென்னையிலேயே உண்டு. 1940இல் கிண்டி இஞ்சினீயரிங் கல்லூரியில் அ. லலிதா என்ற இளம் விதவை சேர்ந்தார். பதினெட்டு வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர். அவர் தந்தை பப்பு சுப்பாராவ் அக்கல்லூரியிலேயே மின்சாரப் பொறியியல் போதித்தவர். கல்லூரித் தலைவர் கே. சி. சாக்கோவிடம் மகளுக்காக வாதாடி இடம் பெற்றார். பின்னர் பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்னும் இருவரும் அங்கே சேர்ந்தனர். லலிதாவின் பட்டத்தில் ஆடவரைக் குறிக்கும் சொல்லே அச்சாகியிருந்தமையால், அதை அடித்துப் பெண்பாற் சொல் எழுதிக் கொடுத்தார்களாம். கட்டிடப் பொறியியல் பயின்ற திரேசியா 1971இல் கேரளப் பொது மராமத்து இலாகாவின் தலைமை இஞ்சினீயராக உயர்ந்தார்.

இதில் நாம் கருதிப் பார்க்க வேண்டியது ஒன்று. லலிதாவுக்குக் கதவைத் திறந்தது சட்டமன்று, தகப்பன். தன் தொழிலை மகளுக்கும் உரியதென்று அவர் எண்ணினார். நம் குலத்துக் கொத்தனார்களில் எத்தனை பேர் தம் கரணையை மகள் கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்?

ஏழைப் பெண்களுக்குக் கரணை கொடுத்த முயற்சிக்குக் கேரளத்தைப் பார்க்க வேண்டும். 1989ஆம் ஆண்டளவில் திருச்சூர்ப் பகுதியில், கிராம சுகாதாரத் திட்டத்தின் கீழ்க் கழிப்பிடங்கள் கட்ட வேண்டியிருந்தபோது, பெண்களுக்கே கொத்து வேலை கற்பித்தனர். கற்றவர்கள் பிரிந்து போகாமல் ‘ஜீவபூர்ணா’ என்னும் பெண் கொத்தர் சங்கமாய்த் திரண்டனர். சிறிய கட்டிடத்தில் தொடங்கியது நல்ல யுக்தி. தாழ்ந்த சுவரில் உயரமான சாரம் இல்லை, பிசகினால் நஷ்டமும் சிறிது. ஆமதாபாத்தில் சேவா ஸ்தாபனத்தார் 2003இல் கட்டிடத் தொழிலாளப் பெண்களுக்கென்றே கர்மிகா என்னும் பள்ளியை நிறுவினர். ஜார்க்கண்டில் கழிப்பிடம் கட்டப் பயின்ற ஆயிரக்கணக்கான பெண்களை ‘ராணி மிஸ்திரி’ என்று அழைக்கலாயினர். மிஸ்திரி என்ற பட்டம் பெண்ணுக்கு வந்ததே ஒரு புதுமை.

சீமையிலும் இவ்வாறே. இரண்டாம் உலக யுத்த காலத்தில் லண்டனில் வாட்டர்லூ பாலம் கட்டப்பட்டபோது, ஆடவர் போர்முனை சென்றமையால் பெண்களே பெருவாரியாய் உழைத்தனர். 1945இல் நடந்த திறப்பு விழாவிலோ அதைக் கட்டிய ஆடவருக்கு மட்டுமே புகழ் மொழி கிடைத்தது.

தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டு, 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலத்திட்டம் பிறந்தது. வாரியத்தில் பதிந்த பெண்ணுக்குப் பிரசவ உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, முதுமையில் ஓய்வூதியம் ஆகியவை உண்டு. இவை பெரிய நன்மைகளே, மறுப்பாரில்லை. ஆனால் உதவித்தொகை வேறு, தொழில் வேறு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976இல் பாரதச் சட்டம் வகுத்தது. வேலையே சமமாய்க் கொடுக்கப்படாதவிடத்து அச்சட்டம் சித்தாளுக்கு என்ன செய்யும்?

பயிற்சி என்று சொல்லி, சில நாள் வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவதில் நமக்கு நம்பிக்கை குறைவு. நூல் பிடித்தல், ரசமட்டம் பார்த்தல், மூலை மட்டம் எடுத்தல், அளவு கணக்கிடுதல் ஆகியவற்றை மண்டபத்தில் சொல்லிக் கொடுக்கலாம்; கை திருந்துவதோ வேலையிடத்தில்தான். பயிலும் நாளில் கூலி நின்றால் எந்தக் குடும்பத்துப் பெண்ணும் வரமாட்டாள். கைக்குழந்தையை வைத்துக்கொள்ள நிழலும் ஆளும் வேண்டும். பயின்று வந்தபின், “பெண் கட்டிய சுவரா?” என்று வீட்டுக்காரர் முகம் சுளித்தால் பயின்றதும் வீண்.

ஆதலின் முதற்சுவரை நாமே கொடுக்க வேண்டும் என்பது எம் கருத்து. நம் சங்கக் கட்டிடத்துக்குச் சுற்றுச்சுவரும் கழிப்பிடமும் கட்டப் பலகாலமாய்ப் பேசி வருகிறோம். நம் குடும்பத்துச் சித்தாள் பெண்கள் ஆறு பேருக்குச் சித்தாள் கூலி குறையாமல் கொடுத்து, முதிர்ந்த கொத்தனார் இருவரை ஆசிரியராய் அமர்த்தி, அவ்வேலையை அவர்கள் கையாலேயே முடிக்கலாம். சுவர் கோணினால் பிரித்துக் கட்டும் செலவு சங்கத்தைச் சேரட்டும். பெயர் கொடுக்க விரும்பும் பெண்களும், கற்பிக்க இசையும் கொத்தனார்களும் அடுத்த பொதுக்கூட்டத்திற்கு முன் காரியதரிசியிடம் தெரிவிக்கக் கோருகிறோம். தெற்குச் சுவரின் சாய்வைக் கண்ட அந்த மூதாட்டி, தம் மருமகளின் பெயரை முன்னமே கொடுத்துவிட்டார்.