ஏலமும் இணக்கமும்: கான்ட்ராக்ட் பிரிட்ஜில் உடன்பாடுகள் உருவான வரலாறு

கான்ட்ராக்ட் பிரிட்ஜின் ஏலத்தில் ஒருவர் சொல்லக்கூடியவை மொத்தம் 38. ஒரு கிளாவர் முதல் ஏழு நோ டிரம்ப் வரை 35 ஏலங்கள்; அவற்றோடு பாஸ், டபுள், ரீடபுள். கையிலுள்ள 13 சீட்டைப் பற்றி எதிரே இருக்கும் கூட்டாளிக்குத் தெரிவிக்க முறையான வழி இவ்வளவுதான். ஆகவே ஒரு ஏலத்துக்குப் புதுப் பொருள் தந்தால், அதன் பழைய பொருள் அநேகமாக வீடிழக்கும். ‘கன்வென்ஷன்’ எனப்படும் உடன்பாடுகளின் வரலாற்றை எழுதுவோர் கண்டுபிடித்தவர் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். எது எதோடு ஒத்துப்போனது, எது எதை வெளியேற்றியது என்பதே முக்கியம் என்று கருதுகிறேன்.

முந்தைய ஆக்‌ஷன் பிரிட்ஜில், ஏலத்தில் கேட்காமல் எடுத்த பிடிகளும் ஆட்டக் கணக்கில் சேர்ந்தன. 1925-இல் ஹெரால்டு வாண்டர்பில்ட் வகுத்த புள்ளிமுறை, கேட்டு எடுத்தவற்றை மட்டுமே அதில் சேர்த்தது. அன்றிலிருந்து ஏலத்தின் துல்லியமே வெற்றியை முடிவுசெய்யத் தொடங்கியது. 1929-இல் வந்த தம் நூலில், பலமான கையைக் காட்ட ‘ஒரு கிளாவர்’ என்ற செயற்கை ஏலத்தை அவரே முன்வைத்தார்.

முறை ஒன்றாக இருந்தால் மட்டும் ஜோடி சேர்ந்துவிடாது என்பதற்கு 1931 டிசம்பரில் நியூயார்க்கில் தொடங்கிய போட்டி சான்று. ஒரு பக்கம் ஈலி கல்பர்ட்சன். மறுபக்கம் சிட்னி லென்ஸும் ஆஸ்வால்ட் ஜேக்கபியும். லென்ஸுக்கு வயது 58, ஜேக்கபிக்கு முப்பதுகூட ஆகவில்லை. எதிராளியைக் குழப்பக் கையில் இல்லாததை ஏலத்தில் சொல்லும் துணிச்சல் ஜேக்கபியிடம் இருந்தது. எதிராளி குழம்பும் இடத்தில் கூட்டாளியும் குழம்பக்கூடும். இருவருக்கும் மேஜையிலேயே மனத்தாங்கல் வளர்ந்தது; 150 ரப்பர்கள் கொண்ட போட்டியில் 103 முடிந்ததும் ஜேக்கபி விலகினார். இறுதியில் கல்பர்ட்சன் பக்கம் 8,980 புள்ளியில் வென்றது.

அதே ஜேக்கபிதான் பின்னாளில், 1956-இல், டிரான்ஸ்ஃபரை அமெரிக்காவில் எழுதிப் பரப்பினார். கூட்டாளி 15 முதல் 17 உயர்சீட்டுப் புள்ளி வைத்து ஒரு நோ டிரம்ப் சொல்கிறார். நம் கையில் ஐந்து ஆட்டின், புள்ளி நாலுதான். பழைய வழக்கப்படி இரண்டு ஆட்டின் என்போம். அப்போது ஆடுவது நாம்; அவருடைய பலமான கை மேஜையில் விரிந்து, ஏஸும் ராஜாவும் எதிராளி கண்ணில் படும். டிரான்ஸ்ஃபரில் இரண்டு டைமன் என்போம், அவர் இரண்டு ஆட்டின் சொல்லி ஆடுவார், பலமான கை மறைந்தே இருக்கும். அதற்கு விலை, இரண்டு டைமனில் நிற்கும் வசதி. கூட்டாளி மறந்துபோய்ப் பாஸ் சொன்னால், டைமன் ஒன்றே ஒன்று வைத்திருந்தாலும் நாம் இரண்டு டைமன் ஆட வேண்டியதுதான்! நாலு சீட்டு மேஜரைத் (ஆட்டின் அல்லது ஸ்பேடு) தேட, 1945-இல் சாமுவேல் ஸ்டேமன் எழுதிப் பரவிய இரண்டு கிளாவர் ஏற்கெனவே இருந்தது. ஐந்து சீட்டு மேஜரின் சுமையை டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொள்ள, இரண்டும் ஒரே கூரையின்கீழ் நிலைத்தன.

இப்படி ஒன்று மற்றொன்றை இழுத்துவருவதை ஆல்வின் ராத், டோபியஸ் ஸ்டோன் இருவரும் முழுமுறையாகவே கட்டினார்கள். அவர்களது 1953-ஆம் ஆண்டு நூலுக்கு ‘பிரிட்ஜ் இஸ் எ பார்ட்னர்ஷிப் கேம்’ என்று பெயர். மேஜரில் ஏலத்தைத் திறக்க ஐந்து சீட்டு வேண்டும் என்றால், மூன்றே சீட்டில் கிளாவர் திறக்க நேரும். இரண்டாம் மட்டத்தில் சொல்லும் பதில் பலமானது என்றால், நடுத்தரக் கைகளெல்லாம் ஒரு நோ டிரம்பில் வந்து குவியும். அதன்மேல் திறந்தவர் பாஸ் சொல்லக்கூடாது. ஒன்றை மட்டும் பிடுங்கி வேறு முறையில் நட்டால் வேர்பிடிக்காது. சி. சி. வெய் வகுத்த பிரிசிஷன் முறையில் 16 புள்ளியோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு கிளாவர் என்பதால், மற்ற திறப்புகள் தாமே வரம்புக்குள் அடங்கின. அதை ஆடிய தைவான் அணி 1969-இல் ரியோ டி ஜெனிரோவில் உலகச் சாம்பியன் போட்டியான பெர்முடா பவுலின் இறுதிவரை வந்தது.

பின்னர் அமெரிக்க கான்ட்ராக்ட் பிரிட்ஜ் லீக், எல்லோரும் ஒரே முறையில் ஆடும் போட்டிகளுக்காக மஞ்சள் அட்டை ஒன்றை அச்சிட்டது. அந்தப் போட்டிகள் பெரிதாக எடுபடவில்லை. அட்டையோ முன்பின் அறியாத இருவர் ஜோடி சேரும்போது கைகொடுக்கும் பொது உடன்பாடாகிவிட்டது. நம் ஒரு நோ டிரம்புக்கு மேல் எதிராளி டபுள் சொன்னால் டிரான்ஸ்ஃபர் செல்லும், ஏதாவது ஒரு ஜாதியை ஏலம் கேட்டால் செல்லாது என்பதுவரை அதில் வகுத்திருக்கிறார்கள். அனுபவசாலிகள் இந்த ஒன்றை மட்டும் முதல் கை பிரிப்பதற்குள் வாய்விட்டுக் கேட்டு உறுதிசெய்துகொள்வார்கள்.