‘சும்மா எம்.பி.பி.எஸ். தானா?’: குடும்ப வைத்தியம் கீழே போன கதை

கல்முனைப் பக்கம் புதுசா ஒரு டொக்டர் வந்தால் முதலில் வருகிற கேள்வி, “அவர் பெரிய டொக்டரா, சும்மா எம்.பி.பி.எஸ். தானா?” என்பதுதான். பெரிய டொக்டர் என்றால் கன்சல்டன்ட். அவருக்கு வார்ட் இருக்கும், ரவுண்ட் போகும்போது பின்னால் நாலு பேர் நடப்பார்கள், செனலிங் சென்டரில் பேர் தொங்கும். சும்மா டொக்டர் என்றால் பின்னேரம் டிஸ்பென்சரியைத் திறந்து வைத்துக்கொண்டு காய்ச்சல், தடிமன், வயிற்றோட்டம் பார்க்கிறவர். இந்தப் பிரிப்பு நம்மட சனம் கண்டுபிடித்ததில்லை. ஆஸ்பத்திரிக்குள்ளே டொக்டர்மார் தங்களுக்குள் வைத்திருக்கிற பிரிப்பைத்தான் நாம் தெருவில் திருப்பிச் சொல்கிறோம். ஒரு கன்சல்டன்ட்டிடம் போய் “குடும்ப வைத்தியமும் ஒரு ஸ்பெஷலிட்டி” என்று சொன்னால் பலர் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். அந்தச் சிரிப்புக்கு 150 வருசத்துக்கு மேலான சரித்திரம் இருக்கிறது.

வெள்ளைக்காரர் இங்கே சிவில் மருத்துவத் திணைக்களத்தைத் தொடங்கியது 1858 இல். கொழும்பில் மருத்துவக் கல்லூரி வந்தது 1870 இல். அங்கே முழுப் படிப்பும் படித்து வந்தவர்களுக்குப் பெரிய நகரங்களிலும் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இடம் இருந்தது. ஊர்களுக்கு யார் போவது? அதற்கென்று குறைந்த காலம் படிப்பித்து உருவாக்கப்பட்டவர்தான் ‘அப்போதிக்கரி’. பிறகு பேர் மாறி ஏ.எம்.பி. ஆனார், ஆர்.எம்.ஓ. ஆனார். ஆனால் வேலை மாறவில்லை. ஒரு மத்திய மருந்தகம், ஒரு மேசை, வாசலில் நிற்கிற சனம் முழுக்க. கொழும்பிலிருந்து தூரமான இடங்களுக்குப் பல தலைமுறையாக அரசாங்க வைத்தியம் என்பது இவர்கள்தான். அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஏற்பாடு ஒரு கணக்கை எல்லோருடைய தலையிலும் எழுதிவிட்டது: ஒரே ஊரில் இருந்து எல்லா வருத்தமும் பார்ப்பது குறைந்த படிப்புக்காரருடைய வேலை, படித்தவன் மேலே போவான். அதற்கு முதல் நம்மட ஊர்களில் மூன்று தலைமுறையின் உடம்பையும் தெரிந்து வைத்திருந்த பரிசாரியாருக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இதில் ஒரு வினோதம் இருக்கிறது. குடும்பத்தை மையமாக வைத்து வைத்தியம் பார்ப்பது இலங்கைக்குத் தெரியாத விசயமல்ல. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. எம்.ஓ.எச்., பி.எச்.ஐ., மிட்வைஃப் என்று இன்றைக்கும் நாம் காண்கிற ஆட்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள். மிட்வைஃபின் பதிவேட்டில் அவருடைய பகுதியில் இருக்கிற ஒவ்வொரு குடும்பமும் இருக்கும். எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்று அவருக்குத் தெரியும். தாய் சேய் மரணத்தைக் குறைத்ததில் இலங்கை பேரெடுத்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆனால் பிள்ளை வளர்ந்து, வாப்பாவுக்கு 50 வயதாகி, சீனி வருத்தமும் பிரஷரும் வந்தபிறகு அவருடைய பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவரைத் தேடி யாரும் வரமாட்டார்கள். அவர்தான் நம்பர் எடுத்து வரிசையில் நிற்கவேண்டும்.

இனி இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம்மட பெரிய டொக்டர்மார் நீண்டகாலம் அங்கே போய்த்தான் எம்.ஆர்.சி.பி., எஃப்.ஆர்.சி.எஸ். எடுத்து வந்தார்கள். சோதனையோடு சேர்த்து அந்த ஊரின் மேல் கீழ் எண்ணமும் கப்பலேறியது. அங்கே பொது வைத்தியர்கள் 1952 இல் தங்களுக்கென்று ஒரு கல்லூரி அமைத்தபோது பழைய அரச கல்லூரிகள் அதை விரும்பவில்லை. 1958 இல் டொக்டர்மாரின் சம்பளம் பற்றிய ஆணைக்குழுவின் முன் மோரன் பிரபு சாட்சி சொன்னார். சர்ச்சிலின் சொந்த டொக்டர் அவர். கன்சல்டன்ட்டும் பொது வைத்தியரும் இரண்டு வேறு ஏணிகளில் ஏறுகிறவர்கள் என்பதை அவர் ஏற்கவில்லை. ஏணி ஒன்றுதான், அதிலிருந்து விழுந்தவர்கள்தான் பொது வைத்தியர்கள் என்ற கருத்தைச் சொன்னார். பெரிய சண்டையே வந்தது. ஆனால் அவர் புதுசா ஒன்றும் சொல்லவில்லை, எல்லோரும் டீ குடிக்கும்போது பேசியதை ஆணைக்குழுவில் சொன்னார், அவ்வளவுதான்.

நவீன இதய மருத்துவத்தைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் மெக்கன்சி. பேர்ன்லி என்ற மில் டவுனில் 25 வருசத்துக்கு மேல் பொது வைத்தியராக இருந்தவர். நாடியைப் பதிவுசெய்ய பொலிகிராஃப் என்ற ஒரு கருவியைச் செய்தார். இடையிடையே தப்பி அடிக்கிற நாடி எல்லோருக்கும் ஆபத்தல்ல என்று அவர் சொல்ல முடிந்தது எப்படி? அந்த ஆட்களை வருசக்கணக்காகத் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான். வார்டில் பத்து நாள் படுத்துவிட்டுப் போகிற நோயாளியை வைத்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

1961 இல் கெர் வைட் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்க, பிரித்தானியத் தரவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். 1000 பெரியவர்களை எடுத்தால் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவதொரு வருத்தம் இருக்கும். 250 பேர் டொக்டரிடம் போவார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படுவார்கள். பல்கலைக்கழக ஆஸ்பத்திரி வரைக்கும் போவது 1 ஆள். மருத்துவ மாணவர் படிப்பது அந்த ஒராளை வைத்துத்தான். இலங்கையில் இன்டர்ன்ஷிப் 6 மாதமும் 6 மாதமுமாக ஒரு வருசம், இரண்டும் வார்டில். அந்த 250 பேரைப் பார்க்கிற வேலைக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எங்கேயிருந்து வரும்?

ஆஸ்பத்திரி டொக்டரின் பக்கத்தையும் சொல்லத்தான் வேணும். அவரிடம் வருவது வெளியே பிழைத்துப்போன கேஸ்கள். குடல்வால் வெடித்த பிறகு வருகிறவர், மூன்று நாள் அன்டிபயோட்டிக் குடித்துவிட்டு டெங்கோடு வருகிறவர். டிஸ்பென்சரியிலேயே சுகமான 50 பேர் அவருடைய கண்ணில் படுவதே இல்லை. அதோடு, பட்டப்பின் பயிற்சி ஒன்றும் இல்லாமல் பின்னேரத்தில் டிஸ்பென்சரி நடத்துகிறவர்கள் ஏராளம். அவர்களையும் குடும்ப வைத்தியத்தில் பட்டப்பின் படிப்பு முடித்தவரையும் சனம் பிரித்துப் பார்ப்பதில்லை, கன்சல்டன்ட்டும் பிரிப்பதில்லை.

இங்கே 1974 இல் பொது வைத்தியர்கள் கல்லூரி ஒன்று அமைந்தது. 1980 ஐ ஒட்டிய வருசங்களில் கொழும்பில் குடும்ப வைத்தியத்துக்கு டிப்ளோமாவும் எம்.டி.யும் வந்தன. தென்னாசியாவில் இது நேரகாலத்தோடு எடுத்து வைத்த அடி. ஆனால் படித்து முடித்தவரை வைக்க அரசாங்கத்தில் ஒரு கதிரை இல்லை. இருதய நிபுணருக்கு வார்ட் இருந்தது, இவருக்கு நீண்டகாலம் பதவியே இருக்கவில்லை. பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள், அல்லது சொந்த டிஸ்பென்சரியில் இருந்தார்கள். இதற்கிடையில் 1977 இல் ஆட்சி மாறியபின் அரசாங்க டொக்டர்களுக்குக் கடமை நேரத்துக்கு வெளியே தனியார் பிரக்டிஸ் செய்ய வழி திறந்தது. முழுநேரக் குடும்ப டொக்டரின் தொழிலில் பகுதிநேரக்காரர்கள் வந்து நின்றார்கள்.

என்னைக் கேட்டால் இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒரு துண்டுக் கடிதம். இங்கிலாந்தில் பொது வைத்தியரின் கடிதம் இல்லாமல் சாதாரணமாகக் கன்சல்டன்ட்டைக் காண முடியாது. மோரன் என்ன சொன்னாலும், நோயாளி வருவது அந்தக் கடிதத்தோடுதான், பதிலும் எழுதத்தான் வேணும். இலங்கையில் அந்த வாசலே கிடையாது. தலையிடிக்கு நேராக நரம்பு நிபுணரைச் செனல் பண்ணலாம். அப்படியிருக்க அவருக்குக் குடும்ப டொக்டரின் தயவு எதற்கு? கடிதம் கொடுத்து அனுப்பினாலும் பதில் வருவது அரிது என்று இலங்கைக் குடும்ப வைத்தியர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். மதிப்பில்லை என்பதை அந்த வராத பதிலில்தான் அவர்கள் முதலில் உணர்கிறார்கள்.

2018 இல் அரசாங்கம் கொள்கை மட்டத்தில் திசையை மாற்றியது. உலக வங்கியின் 200 மில்லியன் டொலர் கடனுதவியோடு ஆரம்ப சுகாதார சேவையைப் பலப்படுத்தும் திட்டம் வந்தது. சுமார் 5000 பேருக்கு ஒரு குடும்ப டொக்டர், ஆதார வைத்தியசாலையைச் சுற்றி சின்ன ஆஸ்பத்திரிகள் ஒரு கொத்தாக இயங்குவது என்று பேச்சு மாறியது. அதற்கு ஆட்கள் வேண்டும். 150 வருசமாகக் கீழ்ப்படி என்று காட்டிய இடத்துக்கு இப்போது வா என்றால் கெட்டிக்கார மாணவி ஏன் வருவாள்?

நம்மட கரையோரத்துக்கு வருவோம். அம்பாறை மாவட்டம் ஒன்றுதான், ஆனால் சுகாதாரத்துக்குக் கல்முனை தனிப் பிராந்தியம். கல்முனை டவுனுக்குள்ளேயே வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இருக்கின்றன. நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று பக்கத்துப் பக்கத்தில் ஆதார வைத்தியசாலைகள். கட்டிடத்துக்குக் குறையென்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு மூத்தம்மாவின் பையைத் திறந்து பாருங்கள். சீனிக்கு ஒரு கிளினிக் கொப்பி, இருதயத்துக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் வேறு கையெழுத்து, வேறு குளிசை. ஒரே மருந்து இரண்டு பேரில் இரண்டு கொப்பியிலும் இருக்கிறதா, நோன்பு காலத்தில் இன்சுலினை எப்படி மாற்றுவது, அவவுக்கு மருந்து எடுத்துத் தர வீட்டில் ஆள் இருக்கா என்று கேட்பது எந்தக் கிளினிக்கின் வேலையும் இல்லை. அதைக் கேட்கத்தான் குடும்ப வைத்தியம் என்று ஒரு படிப்பு இருக்கிறது.

தேர்தல் வந்தால் நம்மட ஊர்களில் ஆஸ்பத்திரி ‘தரமுயர்த்தல்’ பற்றிப் பேசாத மேடை கிடையாது. இன்னொரு வார்ட், இன்னொரு மெஷின், இன்னொரு நிபுணர் கேட்டுப் பள்ளிவாசல்களும் கழகங்களும் மகஜர் கொடுக்கின்றன. அந்த மூன்று கொப்பியையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பார்க்கிற ஒராளைத் தாருங்கள் என்று யாரும் மகஜர் எழுதியதாக நான் இன்னும் கேள்விப்படவில்லை.