கனால் து மிதி சைக்கிள் பாதை

தென் பிரான்சில் துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத் தோ ஏரி வரை செல்லும் 240 கி.மீ. கால்வாயின் கரைவழி. பியேர் போல் ரிக்கே 1666-இல் தொடங்கிய இக்கால்வாய் 1681-இல் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1996 முதல் இது உலகப் பாரம்பரியச் சின்னம். படகிழுத்த குதிரைகளின் தடத்தில் இன்று சைக்கிள்கள் ஓடுகின்றன. ஏற்ற இறக்கம் குறைவு. துலூஸை ஒட்டிய சுமார் 50 கி.மீ. வழவழப்பான பாதை, அப்பால் பெரும்பாலும் மண்தடம், பிளேன் மர வேர்கள் புடைத்துக் கிடக்கும், மழையென்றால் சேறு. ஒல்லி டயர் தாங்காது. மண்ணழுத்தத்தைச் சமாளிக்கச் சுவர்களை வளைத்துக் கட்டிய முட்டை வடிவ மதகுத் தொட்டிகளே வழியில் நின்று பார்க்க வேண்டியவை. கார்க்கசோன் கோட்டையும் உண்டு. 2006-இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் பல்லாயிரம் மரங்கள் வெட்டப்பட்டன. நிழலை நம்பி ஆகஸ்டில் கிளம்ப வேண்டாம்.