ஆயுள் கெட்டி, பென்ஷன் கம்மி: அமெரிக்காவின் ஹிஸ்பானிக் முதியவர்களுக்கு என்ன சிக்கல்?

மெக்சிகோ, கியூபா, போர்ட்டோ ரிக்கோ என ஸ்பானிஷ் பேசும் பகுதிகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்களை அமெரிக்காவில் 'ஹிஸ்பானிக்' என்கிறார்கள். இவர்களுக்கு வருமானம் குறைவு, இன்சூரன்ஸ் இல்லாதவர்களும் அதிகம். ஆனாலும் 2019 கணக்குப்படி இவர்களின் சராசரி ஆயுள் 81.9 வருஷம், வெள்ளையர்களுக்கு 78.8 தான். கொரோனா காலத்தில் இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது தனிக்கதை.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், அந்தக் கூடுதல் வருஷங்களை ஓட்ட கையில காசு வேணுமே?

பென்ஷன் யாருக்குக் கிடைக்கும்?

'சோஷியல் செக்யூரிட்டி' எனப்படும் அரசு பென்ஷனுக்கு 40 கிரெடிட் சேர்த்திருக்க வேண்டும். வருஷத்துக்கு அதிகபட்சம் 4 தான் கிடைக்கும். அப்படின்னா, குறைந்தது 10 வருஷம் வரி பிடித்த வேலை பார்த்திருக்கணும். தொழிலாளி சம்பளத்தில் 6.2%, முதலாளி பங்காக இன்னொரு 6.2% கட்ட வேண்டும்.

சிக்கலே இங்கேதான். தோட்டம், வீட்டு வேலை, கட்டட வேலை என ரொக்கமாகக் கூலி வாங்கியவர்களுக்கு இந்தப் பதிவு இருக்காது. 30 வருஷம் உழைத்திருந்தாலும் அரசு கணக்கில் பூஜ்யம். 1935-ல் வந்த சட்டமே பண்ணைத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்பவர்களையும் சேர்க்கவில்லை, 1950-களில்தான் சேர்த்தார்கள். உரிய ஆவணம் இல்லாமல் வேலை செய்பவர்களில் பலருக்குச் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள், ஆனால் பென்ஷன் கேட்க முடியாது.

1960-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு முழு பென்ஷன் வயது 67. உடம்பு தாங்காமல் 62-லேயே வாங்கினால் 30% வெட்டு, அதுவும் ஆயுளுக்கும்.

மருத்துவச் செலவு?

65 வயதில் 'மெடிகேர்' காப்பீடு வரும். ஆஸ்பத்திரி பகுதிக்குப் பிரீமியம் கட்டாமல் இருக்க, தனக்கோ கணவன் அல்லது மனைவிக்கோ அதே 40 கிரெடிட் வேண்டும்.

இவர்களிடையே சர்க்கரை நோய் அதிகம். அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்கள் வரும் வாய்ப்பு வெள்ளையர்களைவிட சுமார் ஒன்றரை மடங்கு. ஆனால் குளிப்பாட்ட, சாப்பாடு ஊட்ட என வருஷக்கணக்கில் ஆள் வைத்தால் மெடிகேர் பணம் தராது. பல வீடுகளில் மகளோ மருமகளோதான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிறார். அவருடைய கிரெடிட்டும் அங்கேயே நின்றுவிடும்.

போர்ட்டோ ரிக்கோ நிலை இன்னும் மோசம். அங்கே பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனாலும் ஏழை முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மத்திய அரசு தரும் 'எஸ்.எஸ்.ஐ' உதவித்தொகை அந்தத் தீவில் வசிப்பவர்களுக்குக் கிடையாது. அது செல்லும் என 2022-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-1 எனத் தீர்ப்பளித்துவிட்டது. இனி அதை மாற்ற நாடாளுமன்றம் மனது வைத்தால்தான் உண்டு.