விரலுக்கு வந்த எழுத்து

அச்சுயந்திரம் அறிவைப் பொதுவுடைமையாக்கியது என்று நாம் பெருமையோடு கூறிக்கொள்கின்றோம். அவ்வாறு கூறுகையிற் கண்பார்வையற்ற மக்களை நாம் எண்ணுவதில்லை. அவர்களுக்கு நூல் எட்டாமற் போனமைக்குப் பார்வையின்மை மட்டுமா காரணம்? பாரிஸ் நகரத்துப் பாடசாலையொன்றின் சரித்திரம் வேறு விடை தருகின்றது.

1785 ஆம் ஆண்டளவில் வலன்ரின் ஹாவி என்பவர் பார்வையற்ற சிறுவருக்கென அதனைத் தொடங்கினார். பிச்சையெடுப்பதே அவர்களின் விதி என்றிருந்த காலத்தில் அது பெரும் புரட்சியே. ஈரத்தாளில் எழுத்துக்களை அழுத்திப் புடைக்கச் செய்து அவர் நூல்கள் ஆக்கினார். ஆனால், அவை கண்ணுள்ளோருக்கென அமைந்த உரோம எழுத்துக்கள். ஒவ்வொன்றின் வளைவையும் விரல் தடவித் தேடவேண்டும். நூல்களோ பாரமானவை, மிகச் சிலவே. மாணவர் வாசிக்கலாம், அவ்வெழுத்தில் எளிதாக எழுத இயலாது.

1819 இல் அங்கே சேர்ந்த லூயி பிறெயில், சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன். மூன்று வயதில் தந்தையின் பட்டறையிற் கூரிய கருவியொன்று கண்ணிற் பட்டு, பின்னர் இரு கண்களின் பார்வையும் போயிற்று. அந்நாளிற் சார்ள்ஸ் பார்பியே என்ற படை அதிகாரி, 12 புள்ளிகளால் ஒலிகளைக் குறிக்கும் முறையொன்றைக் கொணர்ந்தார். அது விரல்நுனிக்குள் அடங்கவில்லை, எழுத்துக்கூட்டவும் இடந்தரவில்லை. பிறெயில் அதனை 6 புள்ளிகளாகக் குறைத்து, 63 குறிகளுக்கு வழிசெய்து, 1829 இல் நூலாக வெளியிட்டார். அவருக்கு அப்போது வயது 20. அதே 6 புள்ளிகளிலேதான் இன்று தமிழும் எழுதப்படுகின்றது.

1840 இற் பாடசாலைத் தலைமை டியுபோ என்பவரிடம் சென்றது. அவர் புள்ளியெழுத்தைத் தடைசெய்தார். நூல்கள் எரிக்கப்பட்டன என்றும் எழுதியுள்ளனர். பார்வையற்றோர் தமக்கெனத் தனியெழுத்து வைத்திருந்தால் ஏனையோரிடமிருந்து பிரிந்துவிடுவர் என்ற அபிப்பிராயம் அன்று வலுவாயிருந்தது. தம்மால் வாசிக்க முடியாததை மாணவர் எழுதுவது சில ஆசிரியரை அச்சுறுத்தியிருக்கவும் கூடும் என்பது நம் எண்ணம். மாணவரோ மறைவில் எழுதிக்கொண்டேயிருந்தனர். பின்னர் குவாதே என்ற துணை அதிகாரியின் முயற்சியால் தடை தளர்ந்தது. 1844 இற் புதிய கட்டடத் திறப்புவிழாவில் அவ்வெழுத்துப் பகிரங்கமாக வாசித்துக் காட்டப்பட்டது. 1852 இற் பிறெயில் காசநோயால் இறந்தார். அவருடைய முறை உத்தியோகபூர்வமாக ஏற்கப்பட்டது 1854 இலேயே.

எழுத்து கிடைத்தது, நூல் கிடைக்கவில்லை. ஒரு நூலைப் புள்ளியெழுத்தில் ஆக்குவதற்குப் பல நாடுகளிற் பதிப்புரிமையாளரின் அனுமதி வேண்டியிருந்தது. ஒரு நாட்டில் ஆக்கியதை மற்றொரு நாட்டுக்கு அனுப்பவும் சட்டம் தடையாயிற்று. ஒரே நூலை ஒவ்வொரு நாடும் மீண்டும் மீண்டும் ஆக்கிக்கொண்டிருந்த வீணுழைப்பை என்னவென்பது! பார்வையற்றோர் சங்கங்கள் பல்லாண்டு வற்புறுத்தியதன் பயனாக, 2013 இல் மராகேஷ் நகரில் இத்தடைகளை நீக்கும் உடன்படிக்கை பிறந்தது. இந்தியா 2014 இலும் இலங்கை 2016 இலும் அதில் இணைந்தன.

ஆகவே, சென்னையிற் புள்ளியெழுத்தாக்கிய தமிழ் நாவலொன்றை யாழ்ப்பாணத்து வாசகருக்கு அனுப்ப அவ்வுடன்படிக்கை வழிவகுக்கின்றது. அவ்வாறு வரும் நூலை வைப்பதற்கு ஓர் அலுமாரியேனும் ஒதுக்கப்பட்டுள்ளதா என்று நம் ஊர் வாசிகசாலைகளின் நிருவாகசபையினரை நாம் கேட்கவேண்டும்.